ஊர்ந்து போகும் காக்கா எச்சம்: மதுரைப் பக்கத்து அழகிகளையும் அவற்றின் புழுக்களையும் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

"தம்பி, உங்க கருவேப்பிலைச் செடியில காக்கா எச்சம் ஊர்ந்து போகுது, வந்து பாருங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். இலை நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக, ஈரம் காயாத எச்சம் ஒன்று கிடந்தது. அக்காவுக்குக் கண் சரியில்லை என்று நினைத்துத் திரும்பப் போனேன். அதற்குள் எச்சம் தலையைத் தூக்கி, இலை விளிம்பைக் கடித்தது.

என் பட்டாம்பூச்சிப் பைத்தியம் அந்தச் செடியில்தான் ஆரம்பித்தது. புதிதாக வருகிறவர்கள் பறக்கிற பூச்சியைத் துரத்துவார்கள். அது நிற்காது, படம் எடுத்தால் கலங்கலாக வரும், இரண்டே வாரத்தில் அலுத்துப்போகும். நான் சொல்வது வேறு வழி. செடியைப் பிடியுங்கள். செடி தெரிந்தால் புழு கிடைக்கும், புழு கிடைத்தால் பட்டாம்பூச்சி உங்கள் வீட்டுக்குள்ளேயே றெக்கை விரிக்கும்.

முதலில் பெயர். பின்னிறகில் தகைவிலான் குருவியின் வாலைப் போல நீட்டிக்கொண்டிருப்பதால் இந்தக் குடும்பத்தை ஆங்கிலத்தில் ஸ்வாலோடெயில் என்கிறார்கள். தமிழில் பூச்சி பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் பெயர் அழகிகள். அழகர் இருக்கிற மாவட்டத்தில் அழகிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதுரையில் அதிகம் கண்ணில் படும் அழகிக்கு வாலே கிடையாது. வாலைத் தேடிக்கொண்டிருந்தால் எலுமிச்சை அழகியைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

செடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

தாய்ப்பூச்சி கண்ட இடத்தில் முட்டை வைக்காது. இலையில் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டி ருசி பார்க்கும். தன் பிள்ளை தின்னக்கூடிய இலை என்று தெரிந்தால்தான் முட்டை. அதனால் மூன்று வகைச் செடிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலை, வில்வம், விளா எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் முட்டை வைக்கும். வீட்டில் செடி இல்லாதவர்கள் சிவன் கோவில் நந்தவனத்து வில்வத்தின் தாழ்ந்த கிளைகளைப் பாருங்கள். அர்ச்சனைக்கு இலை பறிக்கிறவர்களிடம் கேட்டால், எந்தக் கொப்பில் புழு இருக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள்.

இரண்டு, ஆடுதின்னாப்பாளை. திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டில் தரையோடு படரும் சின்னக் கொடி, சிறுநீரக வடிவ இலை, கசக்கினால் குமட்டும் வாடை. ஆடு தின்னாது என்று பெயரிலேயே இருக்கிறது. எதையும் விட்டுவைக்காத ஆடு ஏன் இதை விட்டுவைக்கிறது? விஷம். அந்த விஷத்தைத் தின்று வளர்ந்து, அதையே உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிற அழகிகள் இரண்டு இருக்கின்றன: ரோஜா அழகியும், கிரிம்சன் ரோஸும். இவற்றைப் பறவை ஒருமுறை கொத்தினால் மறுமுறை கொத்தாது. இதே இனத்தில் பெருமருந்துக்கொடி என்ற ஈஸ்வரமூலியும் வேலிகளில் ஏறும். அதிலும் இவற்றின் புழுக்கள் இருக்கும். மூலிகைதானே என்று இந்தக் கொடிகளைக் காய்ச்சிக் குடித்துவிடாதீர்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் இவற்றில் உண்டு.

மூன்று, நெட்டிலிங்கமும் சீத்தாவும். பள்ளிக்கூடங்களிலும் ஆபீஸ் வாசல்களிலும் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்தின் தளிர் இலைகளில் டெயில்டு ஜே என்ற பச்சைப்புள்ளிக்காரி முட்டை வைப்பாள். மரம் உயரம் என்பதால் புதியவர்களுக்குக் கைக்கெட்டாது. மரத்தடியில் முளைத்திருக்கும் கன்றுகளைத் தேடுங்கள், அங்கே கிடைக்கும்.

முட்டையும் புழுவும்

தளிர் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிய இலையில் தேடுவது வீண்வேலை. எலுமிச்சை, கறிவேப்பிலையில் முட்டை என்றால் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டை. ஒன்று ஒன்றாகத்தான் இருக்கும், குவியலாக இருந்தால் அது அழகி இல்லை, வேறு ஏதோ. மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். வெளிவரும் குட்டிப் புழு முதல் சாப்பாடாகத் தன் முட்டை ஓட்டையே தின்னும்.

இனிதான் விஷயம் சுவாரசியமாகிறது. புழு மொத்தம் நான்கு முறை சட்டை உரித்து, ஐந்து பருவம் கடக்கும். முதல் நான்கு பருவமும் காக்கா எச்ச வேஷம். காப்பிக்கொட்டை நிறத்தில் உடம்பு, நடுவில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தது போல வெள்ளைத் திட்டு, மேலே எண்ணெய் தடவிய மினுமினுப்பு. குருவி எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று இதற்கு நன்றாகத் தெரியும்போலிருக்கிறது. அதோடு இலையின் மேல்பக்கம், நடு நரம்பில், பட்டப்பகலில் தைரியமாக உட்கார்ந்திருக்கும். எச்சம் அங்கேதானே விழும்!

அப்புறம் ஐந்தாம் பருவம். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் எச்சத்தைக் காணோம், அந்த இடத்தில் பச்சைப் பசேல் என்று 3, 4 சென்டிமீட்டரில் தடித்த புழு ஒன்று இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் இது வேறு புழு, பழையதை ஏதோ தின்றுவிட்டது என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அருகிலேயே உரித்துப்போட்ட சட்டையின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் நம்பினேன். இந்தப் பச்சைப் புழுவின் முன்பக்கம் திமில் போல் புடைத்திருக்கும், அதில் இரண்டு கண் போன்ற புள்ளிகள் இருக்கும். அவை கண்ணே இல்லை. உண்மையான தலை அதற்குக் கீழே, உள்ளே இழுத்துக்கொண்டு, இலையைக் கொறித்துக்கொண்டிருக்கும்.

சந்தேகம் வந்தால் ஒரே சோதனை போதும். மெல்லிய ஈர்க்குச்சியால் புழுவின் கழுத்துப் பக்கத்தை லேசாகத் தொடுங்கள். அழகிக் குடும்பத்துப் புழுவாக இருந்தால், தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கைப் போலக் கவட்டையாகப் பிரிந்த, சிவந்த, ஈரமான கொம்பு ஒன்றைச் சட்டென்று வெளியே தள்ளும். கூடவே புளித்துப்போன எலுமிச்சம்பழ வாடை அடிக்கும். எறும்பையும் சிறு குளவியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம். கொம்பு இரண்டு மூன்று நொடியில் உள்ளே போய்விடும். கடிக்காது, அரிக்காது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்டாதீர்கள். டெயில்டு ஜே புழுவுக்கு இந்தக் கொம்பு மஞ்சள் கலந்த பச்சை.

இந்தக் கொம்பு இல்லாத புழுக்களைக் கண்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. எருக்கஞ்செடியில் மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டை போட்டு, முதுகில் மெல்லிய கொடுக்குகள் நீட்டிக்கொண்டிருப்பது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. அது வேறு குடும்பம். அரளியிலும் நந்தியாவட்டையிலும் பச்சையாக, கண் புள்ளியோடு தடியாக இருப்பதைப் பார்த்தால் அழகி என்றே தோன்றும். ஆனால் பின்பக்கம் ஒரு வால்கொம்பு இருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு. அழகிப் புழுவின் கொம்பு எப்போதும் முன்னால், அதுவும் கோபம் வந்தால் மட்டும். உடம்பெல்லாம் ரோமம் இருந்தால் அது கம்பளிப்பூச்சி, தொடவே வேண்டாம்.

இணையத்தில் தேடும்போதும் ஒரு குழப்பம் வரும். ஸ்வாலோடெயில் புழு என்று தேடினால், சோம்புச் செடியில் கறுப்பு வளையம் போட்ட பச்சைப் புழுவின் படங்கள்தான் முதலில் வந்து நிற்கும். அது மேல்நாடுகளில் சாதாரணம். அந்த வகையை இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் இமயமலைப் பக்கம் போக வேண்டும். நம்மூர்ச் செடியில் அதைத் தேடாதீர்கள்.

எலுமிச்சை அழகிப் புழுவையும் கறிவேப்பிலை அழகிப் புழுவையும் எப்படிப் பிரிப்பது? பக்கவாட்டில் ஓடும் சாய்ந்த பட்டையில் வித்தியாசம் உண்டு. எலுமிச்சை அழகியில் பட்டை துண்டு துண்டாக உடைந்திருக்கும். ஆனால் புதியவர்கள் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. இன்னும் இரண்டு வாரத்தில் அதுவே சொல்லிவிடும்.

ஆடுதின்னாப்பாளைப் புழுக்களில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டும் கருஞ்சிவப்பில், உடம்பெல்லாம் சதைப்பற்றான சிவந்த முட்களோடு இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் குத்தாது. நடு உடம்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை இருந்தால் ரோஜா அழகி. பட்டை இல்லையென்றால் கிரிம்சன் ரோஸ்.

வீட்டில் வைத்து வளர்ப்பது

செடியிலேயே விட்டு, கொசுவலைத் துணியால் அந்தக் கொப்பை மூடிக் கட்டுவதுதான் நல்லது. குருவியிடமிருந்து தப்பும், உங்களுக்கும் வேலை மிச்சம். பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றோ இரண்டோ போதும். அகலமான பிளாஸ்டிக் டப்பா, வாயில் வலைத்துணி, ரப்பர் பேண்ட். உள்ளே இலைக்கொத்தைச் சின்ன மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். புட்டி வாயைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துப்போகும். தினமும் புழுக்கையைத் தட்டிவிட்டுப் புது இலை வையுங்கள். புழுவைக் கையால் பிய்த்து எடுக்காமல், அது உட்கார்ந்திருக்கும் இலையோடு நறுக்கிப் புது இலைமேல் வைத்தால் தானாக ஏறிக்கொள்ளும்.

ஒரு தப்பை நான் செய்துவிட்டேன், நீங்கள் செய்யாதீர்கள். செடியில் இலை தீர்ந்துபோன ஒருநாள், காய்கறி வாங்கும்போது கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலையை நன்றாகக் கழுவிப் போட்டேன். மறுநாள் காலையில் மூன்று புழுவும் சுருண்டு கிடந்தன. கடைக் கறிவேப்பிலையில் மருந்து அடித்திருப்பார்கள், கழுவினால் போகாது. மருந்து அடிக்காத செடி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இலை பறியுங்கள். புழு எலுமிச்சையில் கிடைத்திருந்தால் எலுமிச்சை, வில்வத்தில் கிடைத்திருந்தால் வில்வம். நடுவில் மாற்றினால் சில புழு பட்டினி கிடக்குமே தவிர வாய் வைக்காது.

பூந்தொட்டியில் சின்ன எலுமிச்சங்கன்று வைத்திருப்பவர்களின் கவலையும் எனக்குத் தெரியும். நான்கு புழு சேர்ந்தால் ஒரு கன்றை மொட்டையாக்கிவிடும், நாற்றங்கால்காரர்களுக்கு இது உண்மையிலேயே தொல்லைதான். மருந்துக்குப் போகாமல், புழுக்களை இலையோடு எடுத்துப் பெரிய எலுமிச்சை மரத்தில் விடுங்கள். வளர்ந்த மரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இரண்டு வாரம் போல ஆனதும் ஒருநாள் புழு தின்பதை நிறுத்தும். தண்ணீராகக் கழிந்து வைக்கும். நோய் வந்துவிட்டது என்று பதற வேண்டாம், வயிற்றைக் காலி செய்கிறது. பிறகு டப்பா முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். இந்த நேரத்தில் ஒரு காய்ந்த குச்சியைச் சாய்த்து வையுங்கள். வாலை நூலால் குச்சியில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூல் கட்டி, மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன் பெல்ட்டில் சாய்ந்து நிற்பது போலச் சாய்ந்து நிற்கும். மறுநாள் கடைசிச் சட்டையும் கழன்று கூடாகிவிடும். பச்சை இலைக்கு நடுவே கூடு பச்சையாகவும், காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் இருப்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம்.

ஏறக்குறைய 10 நாள் காத்திருங்கள். கூடு கறுத்து, உள்ளே றெக்கையின் நிறம் தெரிந்தால் மறுநாள் காலை வெளிவரும். வந்ததும் றெக்கை கசங்கிய துணி மாதிரி இருக்கும். ஏதாவது ஒன்றைப் பிடித்துத் தொங்கி ஓரிரு மணி நேரம் காய வேண்டும். அப்போது தொட்டால் றெக்கை ஆயுளுக்கும் கோணல்தான். நாள் தாண்டியும் ஒன்றும் வராமல், கூட்டில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டை தெரிந்தால், உள்ளே சிறு குளவிகள் வளர்ந்து வெளியேறிவிட்டன என்று அர்த்தம். எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. வருத்தமாக இருக்கும், ஆனால் அந்தக் குளவியும் அந்தச் செடியை நம்பித்தானே இருக்கிறது.

பறக்கிற அழகியைப் பிரிப்பது

இப்போது வெளியே போகலாம். இட்லிப்பூ, உண்ணிச்செடி, செம்பருத்தி பூத்த இடத்தில் காலை ஒன்பது மணி வாக்கில் நில்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த நாட்கள் ரொம்ப நல்லது. கத்திரி வெயிலில் போனால் உங்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும். அழகர்மலையில் நூபுர கங்கைக்கு ஏறும் வழி, கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரம், 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி என்று எங்கே போனாலும் சரி. அழகிகள் தேன் குடிக்கும்போதும் றெக்கையை அடித்துக்கொண்டே இருக்கும், அதை வைத்தே தூரத்திலிருந்து சந்தேகப்படலாம்.

முதலில் வாலைப் பாருங்கள். வால் இல்லாமல், கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள் சிதறி, பின்னிறகின் உள்மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தால் எலுமிச்சை அழகி. விரித்தால் 8 முதல் 10 சென்டிமீட்டர். வால் இல்லாமல், உள்ளங்கையைவிடப் பெரிதாக, பின்னிறகில் வெளிர்நீலம் படர்ந்திருந்தால் நீல அழகி. இதை ஊருக்குள் எதிர்பார்க்காதீர்கள், மலைப்பக்கம்தான். குட்டை வாலோடு, கறுப்பில் பச்சைப் புள்ளி நிறைந்து, ஒரு நொடி நிற்காமல் துடித்துப் பறப்பது டெயில்டு ஜே.

வால் இருந்து, கறுப்பு றெக்கையாகவும் இருந்தால் அடுத்து உடம்பைப் பாருங்கள், றெக்கையை அல்ல. தலையும் வயிறும் குங்குமச் சிவப்பா? அப்படியானால் ஆடுதின்னாப்பாளைக் கூட்டம். முன்னிறகில் வெள்ளைப் பட்டைகள் இருந்தால் கிரிம்சன் ரோஸ், முன்னிறகு வெறும் கறுப்பாகவும் பின்னிறகின் நடுவில் மட்டும் வெள்ளைத் திட்டும் இருந்தால் ரோஜா அழகி. உடம்பு கறுப்பு, பின்னிறகில் குறுக்கே ஒரு வரிசை வெள்ளைப் புள்ளி என்றால் ஆண் கறிவேப்பிலை அழகி.

பெண் கறிவேப்பிலை அழகிதான் பெரிய கள்ளி. அவளுக்கு மூன்று வேஷம். ஒன்று ஆணைப் போலவே இருப்பது. மற்றொன்று ரோஜா அழகி வேஷம். மூன்றாவது கிரிம்சன் ரோஸ் வேஷம். விஷம் தன்னிடம் இல்லாவிட்டாலும், விஷமுள்ளவளின் சேலையைக் கட்டிக்கொண்டால் பறவை பயந்து ஒதுங்கும் என்ற கணக்கு. கிரிம்சன் ரோஸுக்கு 1758இல் ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயர் ஹெக்டர், ட்ராய் நகரத்து வீரன். கறிவேப்பிலை அழகிக்கு வைத்தது பாலிட்டீஸ், அந்த ஹெக்டரின் தம்பி பெயர். அண்ணன் வேஷத்தைத் தம்பி கட்டுவது அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

போன கார்த்திகையில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மேல் ஒரு கிரிம்சன் ரோஸ் வட்டமடித்தது. முன்னிறகில் வெள்ளைப் பட்டை, பின்னிறகில் சிவப்புப் பொட்டுகள், எல்லாம் சரி. அக்காவும் மதில் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது தளிர் இலையில் உட்கார்ந்து, முன்னங்காலால் படபடவென்று தட்டி, வயிற்றை வளைத்து ஒரு மஞ்சள் முட்டையை ஒட்டிவிட்டுக் கிளம்பியது. ஆடுதின்னாப்பாளைக்காரிக்கு இந்தச் செடியில் என்ன வேலை? வயிற்றை வளைத்தபோது பார்த்தேன், கறுப்பு.

"இதுவும் அந்தக் காக்கா எச்சம்தானா தம்பி?" என்றார் அக்கா.

"ஆமாக்கா, அதோட அம்மா."